நாற்பத்து மூன்று டிகிரி: புற்றுநோய் மருந்துக்கு வெப்பம் துணையாகும் விதம்

சித்திரை, வைகாசி மாதங்களில் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் நிழலில் வைத்த வெப்பமானியே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. நகருக்கு வடக்கே, துறையூர்ச் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவெள்ளறையில், புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் அமைந்திருக்கும் வெண்பாறைக் குன்று நண்பகலில் வெறுங்கால் வைக்க முடியாதபடி சுடும். அதே ஊரில் பல்லவன் தந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட மார்ப்பிடுகு பெருங்கிணற்றில், நான்கு புறமும் திரும்பித் திரும்பி இறங்கும் படிகளின் வழியே கீழே போனால் காற்றே வேறாக இருக்கும். ஆனால் பாறையில் ஏறிக் கிணற்றில் இறங்கும் ஒருவருடைய உடலின் உட்பகுதி, இவ்விரண்டு இடங்களுக்கும் இடையில் பெரும்பாலும் அரை டிகிரிகூட மாறுவதில்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி, இரத்தத்தின் வெப்பநிலை சற்றே ஏறியதும் தோலின் இரத்த நாளங்களை விரியச் செய்கிறது, ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத் தோலுக்குச் செல்லும் இரத்தம் கடும் வெப்பத்தில் ஆறேழு லிட்டர் வரை உயரும், வியர்வை பெருகும், உடல் மீண்டும் 37 டிகிரிக்கு அருகில் வந்து நிற்கும்.

உயிரைக் காக்கும் இந்த ஏற்பாடுதான், புற்றுநோய்க் கட்டியை ஐந்தாறு டிகிரி சூடாக்க விரும்பும் மருத்துவருக்கு முதல் தடை. அப்படிச் சூடாக்க ஏன் விரும்ப வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளக் கீமோதெரபியின் அடிப்படைச் சிக்கலிலிருந்து தொடங்க வேண்டும். கீமோதெரபியில் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை, விரைந்து பிரிந்து பெருகும் செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைத்தோ, அது படியெடுக்கப்படுவதைத் தடுத்தோ, செல் இரண்டாகப் பிரியும் இயக்கத்தையே முடக்கியோ வேலை செய்கின்றன. எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், மயிர்க்கால் ஆகியவற்றின் செல்களும் விரைந்து பிரிபவையே என்பதால், மருந்தின் அளவைக் கூட்டக் கூட்டக் கட்டியோடு சேர்ந்து அவையும் அடிபடும். வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் வருவதும், வாய்ப்புண்ணும், முடி உதிர்வதும் அதனால்தான். ஆகவே உடல் முழுவதற்கும் போகும் மருந்தின் அளவைக் கூட்டாமல், கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் அதன் வலிமையைக் கூட்ட முடியுமா என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகிறது. அதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்று, கட்டியை 40 முதல் 43 டிகிரி வரையிலான வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்திருப்பது. இதை ஹைப்பர்தெர்மியா அல்லது மிகைவெப்பச் சிகிச்சை என்பர். 60 டிகிரிக்கு மேல் சூடேற்றித் திசுவை அங்கேயே வேகவைத்து அழிக்கும் முறைகளும் உண்டு, ஆனால் அவை வேறு வகை. இங்கே கொல்வது மருந்து. வெப்பம் அதற்குத் துணை.

வெப்பத்துக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு முதலில் காய்ச்சலின் வழியாகவே கவனத்துக்கு வந்தது. 1866 இல் ஜெர்மானிய மருத்துவர் புஷ், முகத்திலிருந்த ஒரு சார்கோமாக் கட்டி, நோயாளிக்கு எரிசிப்பெலஸ் என்னும் தோல் தொற்றும் அதனால் கடுங்காய்ச்சலும் வந்தபின் மறைந்ததைப் பதிவு செய்தார். 1890களில் நியூயார்க்கின் வில்லியம் கோலி, கிருமிகளிலிருந்து எடுத்த நச்சுகளைச் செலுத்தி வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைத்துப் பார்த்தார். அந்த நோயாளிகளில் சிலருக்குக் கிடைத்த பலன் வெப்பத்தால் வந்ததா, தொற்று தூண்டிய நோயெதிர்ப்பால் வந்ததா என்று பிரித்தறிய அன்று வழியில்லை. இன்றைய பார்வையில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். கட்டியை மட்டும் குறிவைத்துச் சூடாக்கும் முயற்சி 1898 இல் சுவீடனின் வெஸ்டர்மார்க் என்ற மகப்பேற்று மருத்துவரிடம் தொடங்குகிறது. அவர் வெந்நீர் ஓடும் சுருள் குழாயைக் கருப்பைவாய்க் கட்டியின் மேல் வைத்தார். அதன் பின் பல பத்தாண்டுகள் இத்துறை ஏறக்குறைய உறங்கியே கிடந்தது. செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து, வெப்பநிலையைத் துல்லியமாக நிறுத்தி, எத்தனை செல்கள் பிழைக்கின்றன என்று எண்ணும் முறை கைகூடிய பிறகுதான் ஊகம் கணக்காக மாறியது.

அந்தக் கணக்கின் மையத்தில் நிற்கும் எண் 43. செல்களை 43 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது, வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அதே அழிவுக்குத் தேவைப்படும் நேரம் பாதியாகக் குறைகிறது. 43க்குக் கீழே வந்தாலோ, ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காக நீள்கிறது. 43 டிகிரியில் ஒரு மணி நேரம் செய்யும் வேலைக்கு 44 டிகிரியில் அரை மணி போதும். 42 டிகிரியில் நான்கு மணி நேரம் வேண்டும். 41 டிகிரியில் பதினாறு மணி நேரம் ஆகும். 1984 இல் சபரெட்டோ, டியூயி ஆகிய இருவரும் இந்த உறவை ஒரு வாய்பாடாக்கி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் சூடாக்கினாலும் அதை '43 டிகிரியில் இத்தனை நிமிடம்' என்று ஒரே அளவுக்கு மாற்றிச் சொல்ல வழி செய்தனர்; இன்றும் இத்துறையில் வெப்பத்தின் அளவு அப்படித்தான் பேசப்படுகிறது. இந்த வாய்பாடு ஒரு சங்கடத்தையும் வெளிக்காட்டுகிறது. கட்டியின் ஓர் ஓரம் 43 டிகிரியிலும், அதிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளியுள்ள பகுதி 41 டிகிரியிலும் இருந்தால், முதல் இடத்துக்குக் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் இரண்டாவது இடத்துக்குக் கிடைக்கும். மிகைவெப்பச் சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்த இரண்டு டிகிரிக்குள்தான் அடங்கிக் கிடக்கின்றன.

வெப்பம் செல்லுக்குள் முதலில் தாக்குவது புரதங்களை. ஒவ்வொரு புரதமும் குறிப்பிட்ட வடிவில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். 41 டிகிரியைத் தாண்டும்போது அவற்றுள் நிலைத்தன்மை குறைந்தவை மடிப்பு அவிழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்குகின்றன. டி.என்.ஏ.வில் ஏற்படும் முறிவுகளைச் சரிசெய்யும் புரதங்களும் இதில் அடங்கும் என்பதே இந்த அத்தியாயத்தின் உயிர்நாடியான செய்தி. கீமோதெரபி மருந்து ஒரு செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துவதாலேயே அந்தச் செல் இறந்துவிடுவதில்லை. சேதத்தைக் கண்டுபிடித்து, வெட்டியெடுத்து, மீண்டும் இணைக்கும் பழுதுபார்ப்பு ஏற்பாடு ஒவ்வொரு செல்லிலும் இருப்பதால், மருந்து செய்த சேதத்தில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் சரிசெய்யப்பட்டுவிடும். 2011 இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரைச் சேர்ந்த ரோலண்ட் கனார் குழுவினர், 41 முதல் 42.5 டிகிரி வரையிலான மிதமான வெப்பம் 'பி.ஆர்.சி.ஏ.2' என்னும் பழுதுபார்ப்புப் புரதத்தைச் செல்லே சிதைத்துவிடும்படி செய்கிறது என்று காட்டினர். மார்பகப் புற்றுநோய்க்கான பரம்பரை ஆபத்து தொடர்பாகப் பலரும் கேள்விப்பட்டிருக்கும் அதே புரதம்தான் அது. பிறவியிலேயே அதில் குறை உள்ளவர்களின் கட்டிகள் சில மருந்துகளுக்கு எளிதில் பணிகின்றன. வெப்பமோ, குறையில்லாத ஒரு கட்டியைச் சில மணி நேரத்துக்கு அதே குறையுள்ள நிலைக்குத் தள்ளுகிறது.

செல்லும் சும்மா இருப்பதில்லை. 1962 இல் இத்தாலியின் ஃபெருச்சியோ ரிட்டோசா, பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, குரோமோசோம்களில் முன்பு இல்லாத இடங்களில் புடைப்புகள் எழுந்திருப்பதைக் கண்டார். ஈக்களை வைத்திருந்த பெட்டியின் வெப்பநிலை யாராலோ கூட்டப்பட்டிருந்ததே காரணம் என்பது பிறகு தெரிந்தது. அந்தப் புடைப்புகள், வெப்பத்தைக் கண்டதும் செல் அவசரமாக இயக்கிய மரபணுக்கள். அவை உருவாக்குபவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பின்னாளில் பெயர் பெற்றன. மடிப்பு அவிழ்ந்த புரதங்களைப் பிடித்து மீண்டும் சரியாக மடிக்க உதவுவதே இவற்றின் வேலை. ஒரு முறை சூடுபட்ட செல்லில் இவை நிறைந்துவிடுவதால், அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்கு அதே வெப்பம் அதை முன்போல் பாதிப்பதில்லை; இதை வெப்பத் தாங்குதிறன் என்பர். எனவே மிகைவெப்பச் சிகிச்சையைத் தினமும் தருவது வீண். இரண்டு அமர்வுகளுக்கு இடையே 48 முதல் 72 மணி நேரம் இடைவெளி விட்டு, வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை தருவதே வழக்கம்.

கட்டி மட்டும் சூடாகிப் பக்கத்துத் திசு தப்புவது எப்படி என்பதற்கு விடை இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. திருச்சி நகருக்குள் புகுந்து செல்லும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்த வெயிலும் அதைச் சூடாக்குவதில்லை. ஓட்டம் நின்று குட்டையாகத் தேங்கிய நீரோ பிற்பகலுக்குள் வெதுவெதுப்பாகிவிடும். இயல்பான திசுவின் நாளங்கள் சூடு பட்டதும் விரிந்து, குளிர்ந்த இரத்தத்தைப் பெருக்கி வெப்பத்தை அகற்றிவிடுகின்றன. அவசர அவசரமாக வளர்ந்த கட்டியின் நாளங்கள் கோணல்மாணலானவை, பல இடங்களில் முட்டுச்சந்தாக முடிபவை, விரியும் ஆற்றல் குறைந்தவை. ஆகவே அங்கே வெப்பம் தங்கிவிடுகிறது. கட்டியின் நடுப்பகுதி போதிய ஆக்சிஜன் இல்லாமல் அமிலத்தன்மை மிகுந்து கிடப்பதும் அந்தச் செல்களை வெப்பத்துக்கு மேலும் எளிதில் ஆளாக்குகிறது. இதில் ஓர் அழகான பொருத்தம் உண்டு: இரத்த ஓட்டம் குறைந்த பகுதிக்குத்தான் மருந்தும் சரியாகப் போய்ச் சேருவதில்லை, வெப்பமோ அங்கேதான் நன்றாகப் பிடிக்கிறது, இரத்தம் தாராளமாக ஓடும் ஓரப்பகுதி அவ்வளவாகச் சூடாவதில்லை, மருந்தோ அங்கே தடையின்றிப் போகிறது. மேலும், 40, 41 டிகிரி போன்ற மிதமான வெப்பம் கட்டியின் இரத்த ஓட்டத்தையும் ஓரளவு கூட்டி, நாளச் சுவர்களின் இடைவெளியை அகலச் செய்வதால், வழக்கத்தைவிட அதிக மருந்து உள்ளே கசிந்து சேர்கிறது. 43ஐத் தாண்டினால் கட்டியின் நாளங்களே சேதமடைந்து ஓட்டம் நின்றுபோகும் என்பதால், மருந்தோடு சேர்த்துத் தரும்போது வெப்பத்தை மட்டுமீறிக் கூட்டுவது எதிர்விளைவையே தரும்.

எல்லா மருந்துகளும் வெப்பத்தோடு ஒத்துப்போவதில்லை என்பது ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தெரிந்த செய்தி, ஆனால் நடைமுறையில் அடிக்கடி மறக்கப்படும் செய்தி. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹான் குழுவினர் 1975 இல், சீன வெள்ளெலியின் செல்களை வைத்து, அட்ரியாமைசின், பிளியோமைசின் ஆகிய இரண்டு மருந்துகளும் 42, 43 டிகிரியில் பல மடங்கு வலிமை பெறுவதைக் காட்டினர். இவை போன்ற மருந்துகளில் பலன் படிப்படியாகக் கூடுவதில்லை. 42 டிகிரி வரை பெரிய மாற்றமின்றி இருந்து, அதற்கு மேல் சட்டென்று உயர்கிறது. சைக்ளோபாஸ்பமைடு, ஐபாஸ்பமைடு, மெல்பலான் போன்று டி.என்.ஏ.வோடு நேரடியாக வேதிப்பிணைப்பு ஏற்படுத்தும் மருந்துகளும், பிளாட்டினம் அடங்கிய சிஸ்பிளாட்டினும் வேறு வகை. வெப்பநிலை ஏற ஏற வேதிவினைகள் விரைவதைப் போலவே இவற்றின் வலிமையும் 37 டிகிரிக்கு மேல் சீராகக் கூடிக்கொண்டே போகிறது. அதிலும் சிஸ்பிளாட்டின் தனித்துக் குறிப்பிடத் தக்கது: செல்லுக்குள் அது புகும் அளவு கூடுகிறது, டி.என்.ஏ.வில் அது இடும் பிணைப்புகள் கூடுகின்றன, அவற்றை நீக்கும் பழுதுபார்ப்பு குறைகிறது. ஆய்வுக்கூடத்தில் சிஸ்பிளாட்டினுக்கு அடங்காத செல்கள்கூட வெப்பத்தோடு சேரும்போது ஓரளவு அடங்குகின்றன. மறுபுறம் 5-ஃபுளோரோயுராசில், மெத்தோட்ரெக்சேட் போன்று, செல்லின் மூலப்பொருள்களைப் போல வேடமிட்டு ஏமாற்றும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கும், வின்கிரிஸ்டின் வகைக்கும் வெப்பத்தால் பெரிய கூடுதல் பலன் கிடைப்பதில்லை. ஜெம்சிட்டபினுக்கோ மருந்துக்கும் வெப்பத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளி இருந்தால்தான் பலன் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் கூறுகின்றன. சிஸ்பிளாட்டினுக்கோ இதற்கு நேர்மாறாக, மருந்தும் வெப்பமும் ஒரே நேரத்தில் சேர வேண்டும்.

சிஸ்பிளாட்டினும் பிளியோமைசினும் தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவத்துக்குப் புதியவை அல்ல. வெற்றிலை, புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் மிகுந்திருந்த இந்த மாநிலத்தில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம், ஒரு சிகிச்சையோடு மற்றொன்றைச் சேர்த்துத் தந்தால் இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகப் பலன் கிடைக்குமா என்ற கேள்வியை மிக முன்னதாகவே எடுத்துக்கொண்டது. டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் கன்னக் குழிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு மருந்தைச் சேர்த்துத் தரும் முறைகளை ஆராய்ந்து, 1980 இல் பிளியோமைசினும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சையின் முடிவுகளை வெளியிட்டனர். இன்று இரண்டையும் சேர்த்துத் தருவது வழக்கமாகிவிட்டதால், அன்று அது துணிச்சலான எண்ணம் என்பது எளிதில் மனத்தில் படாது. வெப்பத்தை மூன்றாவது துணையாகச் சேர்ப்பது அதே சிந்தனையின் நீட்சிதான். இந்தியாவில் வெப்பம் முதலில் கைகோத்தது கதிர்வீச்சோடு. மும்பை நானாவதி மருத்துவமனையில் நாகராஜ் ஹுயில்கோல் குழு 56 தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2010 இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், வெப்பமும் சேர்த்துப் பெற்றவர்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினருக்கும் கட்டி முழுவதுமாக மறைந்தது. எண்ணிக்கை சிறியது என்பதை மறக்கலாகாது. ஆனால் வேறுபாடு சிறியதல்ல.

இத்தனை சாதகங்கள் இருந்தும் இச்சிகிச்சை ஊருக்கு ஊர் பரவாததற்குக் காரணம் உயிரியல் அல்ல, பொறியியல். தோலின் மேல் வைக்கும் ஒற்றடமோ, வேது பிடித்தலோ, வெந்நீர்ப் பையோ தோலையும் அதன் கீழுள்ள சில மில்லிமீட்டரையும் தாண்டிப் போவதில்லை; அவற்றின் வெப்பத்தை இரத்தம் அடித்துச் சென்றுவிடும். உள்ளே இருக்கும் கட்டியைச் சூடாக்க மின்காந்த அலைகள் வேண்டும். அடுப்பங்கரை மைக்ரோவேவ் அடுப்பு 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குவது. அந்த அலை உடலுக்குள் மிகக் குறைந்த ஆழத்துக்கே செல்லும். அதிர்வெண் குறையக் குறைய ஆழம் கூடும், ஆனால் அலைநீளமும் கூடுவதால் ஆன்டெனா பெரிதாகிவிடும், ஓரிடத்தில் குவிப்பதும் கடினமாகும். சென்னை ஐ.ஐ.டி.யின் பொறியியல் வடிவமைப்புத் துறையில் கவிதா அருணாசலம் குழுவினர், மார்பகம் போன்ற மேலோட்டமான இடங்களிலுள்ள கட்டிகளுக்காக 434 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆன்டெனாக்களை உருவாக்கி வருகின்றனர். அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர்; நீர் மிகுந்த தசைக்குள் அது ஒன்பது சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். இந்தச் சுருக்கத்தையே பயன்படுத்தி, உலோகக் குழிக்குள் தட்டையான தகட்டை வைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஆன்டெனாவைச் செய்ய முடிகிறது. ஆன்டெனாவுக்கும் தோலுக்கும் நடுவே, தூய நீர் சுழன்றுகொண்டே இருக்கும் மெல்லிய பை ஒன்று வைக்கப்படும். அலை காற்றில் தெறித்துச் சிதறாமல் உடலுக்குள் போக அந்த நீர் பாலமாகிறது, அதோடு தோலைக் குளிர்வித்துப் புண்ணாகாமலும் காக்கிறது. வயிற்றுக்குள்ளும் இடுப்புக்குள்ளும் ஆழமாக உள்ள கட்டிகளுக்கு, நோயாளியைச் சுற்றி வளையமாக ஆன்டெனாக்களை அமைத்து, 70 முதல் 120 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் உள்ளே ஒரே இடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்திக் கூடும்படி அவற்றின் நேரத்தைச் சரிசெய்வார்கள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப் குழுவினர் ஆராய்ந்தது வேறொரு வழி: இரும்பு ஆக்சைடின் நானோத் துகள்கள் அடங்கிய திரவத்தை மாறும் காந்தப் புலத்தில் வைத்தால், துகள்களே சூடாகித் தாம் இருக்கும் இடத்தை உள்ளிருந்து சுடவைக்கும். அது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தின் எல்லைக்குள்தான் உள்ளது.

எந்த முறையானாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி, கட்டியின் ஒவ்வொரு மூலையும் உண்மையில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதே. உலோகக் கம்பி வெப்பமானிகள் மின்காந்தப் புலத்தில் தவறாகக் காட்டும் என்பதால், ஒளியிழையால் ஆன மெல்லிய வெப்பமானிகளைக் கட்டிக்குள்ளோ அதன் அருகிலோ செருகிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவை குத்திய புள்ளிகளின் வெப்பநிலையை மட்டுமே சொல்லும். கொழுப்புத் திசு நோயாளிக்குப் பொறுக்க முடியாதபடி சூடானால் மின்திறனைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கட்டி 41க்கு இறங்கிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும், கட்டிக்கு அருகில் உலோகத் தகடு பொருத்தப்பட்டவர்களுக்கும் இந்தச் சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை.

மருந்தையும் வெப்பத்தையும் சேர்க்க இன்று பரவலாகக் கையாளப்படும் வழி, ஆன்டெனாவையே தவிர்த்துவிடும் வழி. 1980 இல் அமெரிக்காவின் ஜான் ஸ்பிராட், வயிற்றுக்குள் சளி போன்ற பொருளைச் சுரந்து பரவும் அரிய கட்டி ஒன்றுக்கு, சூடாக்கிய மருந்துக் கரைசலை வயிற்றறைக்குள் சுழலவிட்டார். பால் சுகர்பேக்கர் அதற்கு முந்திய அறுவைச் சிகிச்சையை ஒரு முறையாக வகுத்துப் பரப்பினார். சூடான மருந்தைச் சுழலவிடும் இந்த முறையின் சுருக்கப்பெயர் ஹைபெக். வயிற்றின் உட்புறத்தையும் குடல்களையும் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய உறையின் மேல், சினைப்பை, பெருங்குடல் போன்றவற்றின் புற்றுநோய் விதை தெளித்தாற்போல் பரவியிருக்கும் நிலைக்கு இது தரப்படுகிறது. அறுவை மருத்துவர்கள் பல மணி நேரம் செலவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் கட்டிகளையெல்லாம் அகற்றிய பின், வயிற்றுக்குள் குழாய்களையும் வெப்பமானிகளையும் வைத்து, பம்பும் சூடேற்றியும் கொண்ட இயந்திரத்தோடு அவற்றை இணைக்கிறார்கள். சில லிட்டர் கரைசல் 41 முதல் 43 டிகிரியில் உள்ளே போய் வெளியே வந்தபடி ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் சுழலும். பெரிட்டோனியத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பு மருந்தை எளிதில் கடக்கவிடாது என்பதால், இரத்தத்தில் தாங்க முடியாத செறிவை வயிற்றறைக்குள் மட்டும் வைத்திருக்க முடிகிறது. ஆனால் மருந்து திசுவுக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவாது. அதனால் கத்தி விட்டுவைத்ததை மருந்து பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. பெங்களூரு, மும்பை, சென்னை உள்ளிட்ட நகரங்களில் இது செய்யப்படுகிறது. இந்திய அறுவை மருத்துவர்கள் தங்கள் முடிவுகளைத் திரட்ட ஒரு பதிவேட்டையும் தொடங்கினர்.

ஹைபெக் பற்றிய இரண்டு பெரிய ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிப்பது பயனுள்ளது. 2018 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், சினைப்பைப் புற்றுநோய் மூன்றாம் கட்டத்தில் இருந்த 245 பெண்களிடம், அறுவையின் முடிவில் 40 டிகிரியில் 90 நிமிடம் சிஸ்பிளாட்டின் சுழலவிடப்பட்டவர்களின் இடைநிலை ஆயுள் 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதமாகக் கூடியதாக வெளியிட்டனர். சிறுநீரகத்தைக் காக்க சோடியம் தயோசல்பேட்டும் தரப்பட்டது. 2021 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய் வயிற்றறைக்குப் பரவிய 265 பேரிடம், 43 டிகிரியில் 30 நிமிடம் ஆக்சாலிபிளாட்டின் தரப்பட்டது, தரப்பட்டவர்களுக்கு 41.7 மாதம், தரப்படாதவர்களுக்கு 41.2 மாதம், அதாவது வேறுபாடே இல்லை, பிற்காலச் சிக்கல்கள் மட்டும் கூடின. அதிக வெப்பம் தந்த ஆய்வு தோற்றது, குறைந்த வெப்பத்தில் மூன்று மடங்கு நேரம் தந்த ஆய்வு வென்றது. நோய் வேறு, மருந்து வேறு என்பதால் இதிலிருந்து அவசர முடிவுக்கு வரலாகாது. இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு: இரண்டு ஆய்வுகளிலும், அதே மருந்தை அதே வயிற்றறைக்குள் சூடாக்காமல் தந்த பிரிவு கிடையாது. ஆகவே சினைப்பை ஆய்வில் கிடைத்த பன்னிரண்டு மாதங்களில் வெப்பத்தின் பங்கு எவ்வளவு, மருந்தை நேரடியாக ஊற்றியதன் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஹைபெக்கை விளம்பரப்படுத்தும் துண்டறிக்கைகள் இந்தக் கேள்வியைத் தொடுவதேயில்லை.

மருந்தைக் கொழுப்பு உறையில் அடைத்து இரத்தத்தில் விட்டு, சூடான இடத்தில் மட்டும் உறை உருகித் திறக்கச் செய்யும் யோசனையும் 1978 முதல் இருக்கிறது. டாக்சோரூபிசினை அப்படி அடைத்த மருந்து ஒன்று, கல்லீரல் கட்டிகளை மின்வெப்பத்தால் சுடும் சிகிச்சையோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டு 2013 இல் தோற்றது. 45 நிமிடமாவது சூடாக்கப்பட்டவர்களுக்குப் பலன் இருந்ததுபோல் தோன்றியதால் அவ்வளவு நேரம் சூடாக்கும் முறையை வைத்துப் புதிய ஆய்வு தொடங்கி, அதுவும் 2020 இல் பயனின்மை காரணமாகக் கைவிடும் நிலைக்கு வந்தது. தோற்ற ஆய்வின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து நம்புவதன் விலை அது.

வெப்பத்தின் பங்கைச் சந்தேகத்துக்கு இடமின்றிப் பிரித்துக் காட்டிய ஆய்வு கை, கால், வயிற்றின் சார்கோமாக் கட்டிகளில் நடந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த ரோல்ஃப் இஸ்ஸெல்ஸ் தலைமையில் 341 நோயாளிகள் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். எட்டோபோசைடு, ஐபாஸ்பமைடு, அட்ரியாமைசின் ஆகிய மூன்று மருந்துகளும் இரு பிரிவுக்கும் ஒரே அளவில் தரப்பட்டன, ஒரு பிரிவுக்கு மட்டும் கட்டியிருந்த பகுதி ஆழ ஆன்டெனாக்களால் 42 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டது. மருந்துக்குக் கட்டி சுருங்கியவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 28.8 விழுக்காடாக உயர்ந்தனர். 2018 இல் வெளியான நீண்டகால முடிவில், ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் மருந்து மட்டும் பெற்ற பிரிவில் 51.3 விழுக்காடு, வெப்பமும் பெற்ற பிரிவில் 62.7 விழுக்காடு, பத்தாண்டில் 42.7, 52.6. மருந்தின் அளவு ஒரு மில்லிகிராமும் கூட்டப்படவில்லை.

அந்த ஆய்வின் கால அட்டவணையைத் திருவெள்ளறையிலுள்ள ஒரு நோயாளிக்குப் பொருத்திப் பார்த்தால் நடைமுறைச் சுமை புலப்படும். அறுவைக்கு முன் நான்கு சுற்று, பின் நான்கு சுற்று மருந்து. ஒவ்வொரு சுற்றிலும் முதல் நாளும் நான்காம் நாளும் ஒரு மணி நேரம் வெப்பம். மொத்தம் பதினாறு அமர்வுகள். மண்ணச்சநல்லூர், நம்பர் ஒன் டோல்கேட் வழியாகத் திருச்சிக்கு வருவது பெரிய காரியமன்று. சொட்டு மருந்துக்காக எப்படியும் வந்தே ஆக வேண்டும். ஆனால் மருந்து இரத்தத்தில் இருக்கும் அந்த மணி நேரத்திலேயே கட்டியும் 42 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதால், மருந்து ஏற்றும் வார்டின் அட்டவணையும், அலை இயந்திரத்தின் அட்டவணையும், ஒளியிழை வெப்பமானியைச் செருகி ஒவ்வொரு நிமிடமும் எண்களைப் பார்த்து மின்திறனைத் திருத்தும் மருத்துவ இயற்பியலாளரின் நேரமும் பதினாறு முறை ஒன்றாகச் சேர வேண்டும். ஒரு முறை இரத்த அணுக்கள் குறைந்து மருந்து ஒரு வாரம் தள்ளிப்போனால், மற்ற இரண்டும் அதோடு சேர்ந்தே தள்ளிப்போக வேண்டும்.